வேலை கேட்டு அனுப்பிய மெசேஜில் ஸ்மைலி: இதனால்தான் பதில் இல்லையா?

ஸ்மைலியை எடுத்துவிட்டு இன்னொரு தரம் அனுப்புங்கள். "ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன் சார்", பின்னால் வரிசையாக மூன்று பல் தெரியும் சிரிப்பு, அதுவும் முன்பின் தெரியாத மேனேஜருக்கு. நீல டிக் விழுந்து நான்கு நாளாகிறது என்கிறீர்கள். நீங்கள் பணிவுக்குப் போட்டது அவருக்கு விளையாட்டுத்தனமாகப் பட்டிருக்கலாம்.

இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இதுதான் தெரிந்தது: அறிமுகமில்லாதவருக்கு எழுதும் அலுவலக மெயிலில் ஸ்மைலி போட்டவர் கூடுதல் இனிமையானவராகத் தெரியவில்லை, திறமை குறைந்தவராகத்தான் தெரிந்தார்.

ஒன்று செய்து பாருங்கள். அதே மெசேஜை வேறு போன் வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பி, ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். எழுத்துக்கும் ஸ்மைலிக்கும் உலகப் பொதுவான எண் தரும் யூனிகோடு கொடுப்பது குறியெண் மட்டும், முகத்தை வரைவது அந்தந்த கம்பெனி. அந்தப் பல் தெரியும் சிரிப்பே 2016 வரை ஐபோனில் பல்லைக் கடிப்பது போல இருந்தது, சிரிப்பா கோபமா என்று குழம்பியவர்கள் நிறைய.

ஆனால் நான்கு நாள் மௌனத்துக்கு ஸ்மைலிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆளெடுப்பு முடிந்தும் இருக்கலாம். மேனேஜரே கட்டைவிரல் போட்டுப் பதில் அனுப்பினால் அது வேறு கதை, அப்போது நீங்களும் ஒன்று போடலாம். ஒன்றே ஒன்று.