நாய் சா குடிக்க வாருங்கள்

கேள்வி: மகன் ஹாங்காங்கில் வேலை பார்க்கிறான். சித்திரையில் நானும் அவன் அப்பாவும் போகிறோம். “ஓட்டலில் காசைக் கரைக்க வேண்டாம், சா சான் டெங் போதும்” என்கிறான். அங்கே சர்வர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்களாமே?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: மகன் சொல்வது சரிதான். ‘சா’ என்றால் டீ, ‘சான் டெங்’ என்றால் சாப்பாட்டுக்கடை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹாங்காங்கில் மேல்நாட்டுச் சாப்பாடு பெரிய ஓட்டல்களில்தான் கிடைத்தது. சம்பளக்காரர் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. அதையே உள்ளூர்க் கைப்பக்குவத்தில், கட்டுப்படியாகும் விலையில் போட்டவை இந்தக் கடைகள். காலையில் மக்ரோனியைச் சூப்பில் மிதக்கவிட்டு, மேலே ஹாம் (பன்றி இறைச்சி) துண்டு போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். பார்த்துத் திகைக்காதீர்கள்.

முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், உண்மை. நேரம் இல்லை. பதினேழு வருடத்துக்கு முன் நான் முதன்முதலாகப் போனபோது நாலு பேர் மேஜையில் தனியாக உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் எதிரே உட்கார்ந்து பேப்பரை விரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் தெரிந்தது, முன்பின் தெரியாதவரோடு மேஜை பகிர்வது இங்கே வழக்கம். அதற்கு ‘தாப் தோய்’ என்று பெயரே உண்டு. சர்வர் இருவர் முன்னாலும் வெளிறிய டீ ஒரு தம்ளர் வைத்தார். நான் மடமடவென்று குடித்தேன். பெரியவர் தன் டீயில் சாப்பாட்டுக் குச்சியையும் கரண்டியையும் அலசினார். என் காலித் தம்ளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். (குடித்தாலும் தப்பில்லை, நிறையப் பேர் குடிக்கிறார்கள். அன்றைக்கு அது தெரியாமல் போயிற்று.)

கையைத் தூக்கி “ம்கோய்!” என்று குரல் கொடுங்கள். கொஞ்சம் கேளுங்கள், நன்றி, வழிவிடுங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தைதான். சர்வர் வந்து நின்றபிறகு மெனுவைப் புரட்டக் கூடாது. அவர்களுக்குள் ஒரு குறுக்குமொழி உண்டு. ‘ஹாங் காய்’, அதாவது தெருவில் நடப்பது, என்றால் பார்சல். ‘லெங் சாய்’ என்று சமையற்கட்டைப் பார்த்துக் கத்துவார். ‘அழகான பையன்’ என்று அர்த்தம். உங்கள் வீட்டுக்காரரைச் சொல்கிறாரோ என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு.

கேள்வி: நாங்கள் சைவம். அங்கே போனால் பட்டினிதானா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: முட்டை உண்டா இல்லையா என்று எழுதவில்லையே சார்! முட்டை உண்டு என்றால் பிழைத்தீர்கள். முட்டை சாண்ட்விச் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஹாம் வைக்கவில்லைதானே என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘சாய் தோ சி’ என்பது இவர்கள் ஊர் ஃப்ரெஞ்சு டோஸ்ட். இரண்டு ரொட்டிக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, முட்டையில் தோய்த்து, எண்ணெயில் பொரித்து, மேலே ஒரு கட்டி வெண்ணெய், பாகு. ஒருவர் ஒன்றை முடிப்பது கஷ்டம்.

முட்டையும் இல்லை என்றால் வெண்ணெயும் கண்டென்ஸ்டு மில்க்கும் தடவிய ‘நாய் யாவ் தோ’ டோஸ்ட், அவ்வளவுதான். கீரை கேட்டால் சிப்பி சாஸை மேலே ஊற்றிவிடுவார்கள். “ம் யூ ஹோ யாவ்”, அதாவது சிப்பி சாஸ் வேண்டாம், என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நூடுல்ஸ் வேண்டாம், சூப்பு எதில் கொதித்தது என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அன்னாசி பன்னில் அன்னாசி கிடையாது, மேலே வெடித்த மேலோடு அன்னாசித் தோல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் பழைய பக்குவத்தில் அந்த மேலோட்டில் பன்றிக்கொழுப்பு சேரும். வயிறாரச் சாப்பிட வேண்டுமென்றால் பௌத்த சைவ உணவகம் தேடுவதுதான் நல்லது.

கேள்வி: ஹாங்காங் பால் டீக்கு எங்கள் நாட்டுத் தேயிலையைத்தான் போடுகிறார்களாமே? நானும் சின்ன வயதில் கொழுந்து பறித்தவள்.
(வாசகி, ஹட்டன்)

பதில்: ஆமாம் அக்கா, பெரும்பாலும் சிலோன் தேயிலைதான். நிறத்துக்குத் தூள், மணத்துக்குப் பெரிய இலை என்று கடைக்குக் கடை ஒரு கலவை. அதை வெளியே சொல்ல மாட்டார்கள். நான் போகும் கடையில் டீ போடும் இடம் கல்லாவுக்குப் பக்கத்தில். நீளமான துணிப்பை, நம் ஊர் டீக்கடை வடிகட்டியை இழுத்து நீட்டியது போல. தேயிலையை அதில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றி, வடிந்ததை மறுபடி பைக்குள் ஊற்றி, மறுபடியும். கறையேறிப் பழுப்பான பை பெண்கள் அணியும் பட்டுக் காலுறை மாதிரி தெரிந்ததால் ‘பட்டுக் காலுறை டீ’ என்றே பெயர். ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் 1952இல் தொடங்கிய லான் ஃபாங் யுவென் கடை, இதைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்கிறது. 2017இல் இந்த டீ போடும் கைவேலையை ஹாங்காங் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பால் கறந்த பால் அல்ல, நீரை வற்றவைத்து டின்னில் வரும் எவாப்பரேட்டட் பால். நாக்கில் கெட்டியாக உட்காரும்.

கடையில் அதை ‘நாய் சா’ என்று கேட்க வேண்டும். ‘நாய்’ என்றால் பால். வந்த புதிதில் அம்மாவிடம் போனில், “தினமும் காலையில் ஒரு நாய் சா குடிக்கிறேன்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எவாப்பரேட்டட் பாலுக்கும் சர்க்கரைக்கும் பதில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினால் ‘சா சாவ்’. அதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கேள்வி: செலவு? டிப்ஸ்?
(வாசகர், ஓசூர்)

பதில்: நான் வழக்கமாக எடுக்கும் மதிய டீ செட், டோஸ்டும் சூடான டீயும், 42 ஹாங்காங் டாலர். குளிர்ந்த பானம் கேட்டால் இரண்டு மூன்று டாலர் ஏறும். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் செட் மலிவு. பில் துண்டை மேஜையில் வைத்துவிடுவார்கள், எடுத்துப்போய்க் கல்லாவில் கட்ட வேண்டும். கையில் ரொக்கம் இருக்கட்டும். டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

கேள்வி: டீயையும் காபியையும் கலந்து குடிக்கிறார்களாமே, நிஜமா?
(வாசகி, மதுரை)

பதில்: நிஜம். ‘யுன் யோங்’ என்று பெயர், ஜோடியாகத் திரியும் வாத்துகளின் பெயர். ஆணும் பெண்ணும் பார்க்கச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். டீ கூடுதல், காபி குறைவு. முதல் வாய்க்கு விளங்காது, மூன்றாவது வாய்க்குப் பிடித்துவிடும். ராத்திரியில் மட்டும் வேண்டாம். ஒருநாள் ஒன்பது மணிக்குக் குடித்துவிட்டு, விடியும்வரை வீட்டு அலமாரியெல்லாம் ஒழித்து அடுக்கினேன்.