கேள்வி – பதில்: வேலரண்ட் 2025, எந்த அணி மேல்?

வேலரண்ட், ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் கணினித் துப்பாக்கி விளையாட்டு. கேட்பவர்கள் தென்னாப்பிரிக்க வாசகர்கள்.

சாட்ஸ்வர்த் வாசகர்: பாரிஸில் என்ஆர்ஜி ஜெயித்ததிலிருந்து, உலகத்திலேயே சிறந்த வேலரண்ட் அணி அதுதான் என்கிறான் என் மகன். எனக்கு ஃப்னாட்டிக் அணிதான் பெரிதாகத் தெரிகிறது. யார் சொல்வது சரி?

கோப்பை என்ஆர்ஜியுடையது, அதில் பேச்சே இல்லை. 2025 அக்டோபர் 5 அன்று நடந்த சாம்பியன்ஸ் (ஆண்டிறுதி உலகக் கோப்பை) இறுதிப் போட்டியில் ஃப்னாட்டிக்கை 3-2 என்று வென்றார்கள். முதல் இரண்டு மேப்பையும் (மேப் என்பது ஆடுகளம்) எடுத்து, அடுத்த இரண்டையும் பறிகொடுத்து, ஐந்தாவதில் நிதானம் தவறாமல் முடித்தார்கள். என்ஆர்ஜி ஆட்டக்காரர் ஈதன் ஆர்னல்டுக்கு இது இரண்டாவது சாம்பியன்ஸ் பட்டம். முதல் பட்டம் 2023இல், ஈவில் ஜீனியஸஸ் அணியில் இருந்தபோது கிடைத்தது. இரண்டு முறை வென்ற முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

ஆனால் நீங்கள் கேட்பது சீசன் முழுவதையும் பற்றி. சாம்பியன்ஸுக்கு முன் நடக்கும் உலகப் போட்டிகள் மாஸ்டர்ஸ். பாங்காக் மாஸ்டர்ஸில் தென்கொரியாவின் டி1 அணி, ஜி2 அணியை 3-2 என்று வென்றது. ஜூனில் டொராண்டோ மாஸ்டர்ஸில் சிங்கப்பூரின் பேப்பர் ரெக்ஸ், ஃப்னாட்டிக்கை 3-1 என்று வீழ்த்தியது. பாங்காக்குக்குப் போனவை எட்டே அணிகள், உலகின் நான்கு வட்டார லீக்கிலிருந்தும் இரண்டிரண்டு. என்ஆர்ஜி, ஃப்னாட்டிக், பேப்பர் ரெக்ஸ் மூன்றுமே அதில் இல்லை! ஆண்டின் தொடக்கத்தில் தகுதிகூடப் பெறாத அணிகள்தான் பிற்பாதியை ஆண்டன. அடுத்தடுத்து இரண்டு உலக இறுதிப் போட்டிகளை எட்டிய ஃப்னாட்டிக்கையே இந்தச் சீசனின் சீரான அணி என்போம். இரண்டிலும் தோற்றதால் அந்த உழைப்பு சிறிதாகிவிடாது. அந்த அணியின் போஸ்டர் (Boaster) 2023இல் சாவோ பாவ்லோ, டோக்கியோ இரண்டு கோப்பைகளையும் வென்ற தலைவர்.

அணியை எடைபோட ஒரு வழி: ஐந்து மேப் ஆட்டத்தில், பட்டியலிலுள்ள ஏழில் இரண்டை நீக்கிவிட்டு மீதி ஐந்தில் ஆடுவார்கள். நான்கு மேப் மட்டும் நன்றாகத் தெரிந்த அணி மூன்று மேப் ஆட்டங்களில் தப்பித்துவிடும், இறுதிப் போட்டியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஓர் அணி எந்த மேப்பை எப்போதும் நீக்குகிறது என்று குறித்து வையுங்கள். அதன் பலவீனம் அங்கேதான் இருக்கும்.

பீனிக்ஸ் வாசகர்: முதல் ரவுண்ட் தோற்றதும் பெரிய அணிகள் இரண்டாவது ரவுண்டில் துப்பாக்கியே வாங்காமல் போகின்றன. ஏன் அப்படி விட்டுக்கொடுக்கிறார்கள்?

விட்டுக்கொடுக்கவில்லை, கணக்குப் போடுகிறார்கள். கிரெடிட் என்பது ஆயுதம் வாங்கும் விளையாட்டுப் பணம். தோற்றவருக்கு முதல் தோல்வியில் 1900 கிரெடிட், தொடர்ந்து தோற்றால் 2400, பிறகு 2900. வென்றவருக்கு 3000. வேண்டல் என்ற பெரிய துப்பாக்கி 2900, முழு ஷீல்டு (கவசம்) 1000, ஆக 3900 வேண்டும். முதல் ரவுண்டான பிஸ்டல் ரவுண்டில் கையிலிருந்த 800ஐயும் செலவழித்துத் தோற்றவர் இரண்டாவது ரவுண்டில் ஒன்றும் வாங்காவிட்டால், மூன்றாவதில் 1900 + 2400 = 4300 இருக்கும். வேண்டலும் ஷீல்டும் போக 400 மிஞ்சும், இரண்டொரு திறன் வாங்கலாம். பொறுக்காமல் 1600க்கு ஸ்பெக்டர் என்ற மலிவான துப்பாக்கியை வாங்கித் தோற்றால் 300 + 2400 = 2700தான். வேண்டலுக்கே 200 குறைகிறது. ஒருவரைக் கொன்றால் அந்த 200 கிடைக்கும், ஷீல்டுக்கு மட்டும் வழியிருக்காது.

புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை, ஐந்து பேரில் இருவர் மட்டும் வாங்குவது. அதனால் அந்த ரவுண்டும் போகும், அடுத்த ரவுண்டும் பாழாகும். வாங்கினால் ஐவரும் வாங்குங்கள், இல்லையென்றால் ஐவரும் சேமியுங்கள். இன்னொன்று: ஸ்பைக்கை (தாக்கும் அணி வைக்க வேண்டிய வெடிகுண்டு) வைக்காமல் உயிரோடு ஒளிந்து தோற்கும் தாக்குதல் ஆட்டக்காரருக்கு 1000 கிரெடிட்தான். கையில் வேண்டல் இருந்தால் ஒளிவது லாபம். வெறும் பிஸ்டலோடு ஒளிந்தால் நஷ்டம்.

லெனேசியா வாசகர்: பள்ளி நண்பர்கள் ஐவர் சேர்ந்து அணி அமைத்திருக்கிறோம். தினமும் ஆடுகிறோம், முன்னேற்றம் இல்லை.

எல்லா மேப்பையும் ஆடுவதை நிறுத்துங்கள். முதல் மாதம் இரண்டே மேப் போதும். யார் முதலில் உள்ளே போவது, யார் புகை போடுவது, யார் பின்னால் காவல் என்று முடிவுசெய்து, அதை மாற்றாதீர்கள்.

பேச்சைச் சுருக்குங்கள். இடம், எண்ணிக்கை, டேமேஜ் என்ற வரிசையில், "ஏ மெயின், ரெண்டு பேர், ஒருத்தனுக்கு 80" என்றால் போதும். செத்தவர் இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "எப்படிடா செத்தேன்" என்று புலம்பும் அந்த ஐந்து வினாடியில் நண்பருக்கு எதிரியின் காலடிச் சத்தம் கேட்காமல் போகும்.

ஸ்பைக் வைத்ததிலிருந்து 45 வினாடியில் வெடிக்கும், செயலிழக்க வைக்க 7 வினாடி. பாதி வேலை, அதாவது 3.5 வினாடி முடிந்திருந்தால், விலகிப் போனாலும் அந்தப் பாதி அழியாது. ஆகவே எதிரி பாதி வேலையை முடித்துவிட்டு விலகினால் "பாதி போச்சு" என்று உடனே கத்துங்கள். தூரத்தில் நின்று ஆடுபவர் ஃபேன்டம் துப்பாக்கியை எடுத்தால், குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் தலையில் ஒரு குண்டு அதிகபட்சம் 140 டேமேஜ்தான் தரும், முழு ஷீல்டோடு நிற்கும் எதிரிக்கு உயிர் 150. வேண்டலுக்கு எந்தத் தூரத்திலும் 160.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: 2026 போட்டிகளை நேரலையில் பார்க்க முடியுமா? டேட்டா எவ்வளவு ஆகும்?

அறிவிக்கப்பட்ட இடங்கள் சாண்டியாகோ, லண்டன், ஷாங்காய். சாண்டியாகோவில் நண்பகல் என்றால் பிப்ரவரி, மார்ச்சில் நமக்கு மாலை 5 மணி. ஜூனில் லண்டன் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். ஷாங்காய் ஆறு மணி நேரம் முன்னால், அங்கே மாலை 5 என்றால் இங்கே காலை 11.

1080பி ஒளிபரப்பு நொடிக்கு 6 மெகாபிட் என்றால் மணிக்கு 2.7 ஜிபி. ஐந்து மேப்பும் ஓடினால் ஐந்து மணி நேரத்தில் 13 ஜிபியைத் தாண்டும். 480பி போதுமென்றால் மணிக்கு ஏறக்குறைய 0.7 ஜிபி. லோட் ஷெடிங் வந்தால் ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தாலே போனில் பார்க்கலாம்.

மெரபேங்க் வாசகர்: பிங் நன்றாகத்தான் காட்டுகிறது. ஆனாலும் ஆள் தாவித்தாவி ஓடுகிறான்.

பிங் (தகவல் போய் வரும் நேரம்) அல்ல, பாக்கெட் லாஸாக (தகவல் வழியில் தொலைவது) இருக்கலாம். அமைப்புகளில் வீடியோ, அதில் ஸ்டாட்ஸ் பகுதிக்குப் போய் பாக்கெட் லாஸைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். எண் ஏறினால் வைஃபையை விட்டு லேன் கேபிளில் ஆடிப் பாருங்கள். கேபிளில் சரியானால் கோளாறு வைஃபையில். கேபிளிலும் ஏறினால், வீட்டில் யாராவது அந்த நேரத்தில் போட்டோ, வீடியோ பேக்கப் ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். அதை நிறுத்தியும் குறையவில்லையென்றால் இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்புங்கள்.