டென்னசிக்கு வந்திருக்கற குடியாத்தம் தம்பிக்கு, அந்தக் கொடியைப் பத்தி

தம்பி, நீங்க கேட்டதை ரெண்டு தடவ படிச்சேன். நாக்ஸ்வில் பக்கம் வந்து மூணு மாசம் ஆவுது, வந்த ரெண்டாம் நாளே பக்கத்து வீட்டு வயசானவங்க ஆப்பிள் பை சுட்டு எடுத்தாந்து குடுத்தாங்க, ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சு, சாப்பிட உக்காந்தா கண்ண மூடி ஜெபம், வாயில ஒரு கெட்ட வார்த்தை வராது, ஆனா வாசல்ல ட்ரம்ப் கொடி, மூணு கல்யாணம் பண்ணவரு, கோர்ட்ல 34 குத்தம் நிரூபணம் ஆனவரு, இவ்ளோ பக்தி இருக்கறவங்க இவருக்கு எப்படிக்கா ஓட்டு போடறாங்க, வேஷமா இல்ல விவரம் தெரியாமலா, அப்டீன்னு கேட்டிருந்தீங்க.

ரெண்டும் இல்ல தம்பி. நானும் வந்த புதுசுல அப்டித்தான் நினைச்சேன். நான் வேலூர் சத்துவாச்சாரி, சிஎஸ்ஐ குடும்பம், நர்ஸா இந்த ஊருக்கு வந்து இருவது வருசத்துக்கு மேல ஆவுது, சர்ச்சுக்காரங்க நடுவுலதான் வாழ்க்கை, அதனால எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போவும்.

எங்க தெருவுல ஒரு அம்மா இருக்காங்க, இப்ப எண்பது தாண்டிருச்சு, பாப்டிஸ்ட் சர்ச்சுல முப்பது வருசம் சண்டே ஸ்கூல் எடுத்தவங்க. எங்க வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆனப்ப நான் டூட்டிக்கும் போயி அவரையும் பார்த்துக்கினு முழி பிதுங்கி நின்னேன், நான் யாரையும் ஒண்ணும் கேக்கல, இந்தம்மாவே சர்ச்சுல ஒரு பேப்பர்ல பேரெழுதி முறை போட்டு மூணு வாரம் தெனம் ராத்திரி சாப்பாடு வர வெச்சாங்க. உப்பு இருக்காது காரம் இருக்காது, எல்லாத்து மேலயும் சீஸ் மட்டும் இருக்கும், அது வேற கதை. 2016 அக்டோபர்ல ட்ரம்ப் பொம்பளைங்களைப் பத்தி அசிங்கமா பேசின டேப்பு வெளிய வந்துச்சில்ல, அந்த வாரம் இந்தம்மா வேலிகிட்ட நின்னுக்கினு என்கிட்ட சொன்னாங்க, எனக்கு என் பேத்தி மூஞ்சியப் பார்க்க வெக்கமா இருக்கு, ஆனாலும் மூக்கைப் பொத்திக்கினு அந்தாளுக்குத்தான் போடப்போறேன், ஜட்ஜுங்க முக்கியம்னாங்க.

இன்னாடா இது ஜட்ஜுன்னு அப்ப எனக்குப் புரியல. இங்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுக்கு ரிட்டயர்மெண்ட் வயசே கிடையாது, சாகற வரைக்கும் இருக்கலாம், அவரைப் போடறது பிரசிடெண்ட், சரின்னு சொல்றது செனட், அதாவது இங்கத்த மேல்சபை. 2016 பிப்ரவரியில ஸ்காலியான்னு ஒரு ஜட்ஜு செத்துட்டாரு, ஒபாமா போட்ட ஆளை செனட் எடுத்துக்கவே இல்ல, சீட்டு தேர்தல் வரைக்கும் காலியாவே கிடந்துச்சு. ட்ரம்ப் என்ன பண்ணாரு, நான் வந்தா இவங்கள்ல இருந்துதான் எடுப்பேன்னு மே மாசமே பேர் லிஸ்ட்டையே வெளியிட்டாரு. வேற எவனும் இப்டி எழுதிக் குடுத்தது இல்ல. 1973-ல கருக்கலைப்பு உரிமைன்னு கோர்ட் சொன்னதை எதிர்த்து இவங்க வருசா வருசம் ஊர்வலம் போனவங்க, ஜெபம் பண்ணவங்க. ட்ரம்ப் வந்து கோர்சச், கவனா, பேரட்னு மூணு பேரைப் போட்டாரு, 2022 ஜூன் 24 அன்னைக்கு அந்தத் தீர்ப்பையே கோர்ட் தூக்கிருச்சு, ஆகஸ்ட் மாசமே நம்ம டென்னசியில தடை வந்துருச்சு. இவங்க கணக்குல அந்தாளு சொன்னதை செஞ்சுட்டாரு, எங்களை மாதிரியே பேசினவங்க யாரும் செய்யல, அவ்ளோதான். ஜெருசலேமுக்கு எம்பசிய மாத்தறேன்னு எல்லாரும் சொல்லிக்கினே இருந்தாங்க, 2018 மே மாசம் மாத்தினது இவருதான், அதுவும் இவங்களுக்கு பைபிள் விஷயம். (வார்டுல வேலை செய்யறவ நான், அந்தக் கருக்கலைப்புத் தடைச் சட்டத்தோட இன்னொரு பக்கத்தையும் பார்த்திருக்கேன், அதைப் பேச ஆரம்பிச்சா நீங்க கேட்டதுக்கு பதில் வராது.)

இப்ப உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். எங்க ஆயா ஊரு வேலூர்கிட்ட அணைக்கட்டுன்ற ஊர் பக்கம். ஊரு எல்லையில முனீஸ்வரன், கண்ண உருட்டிக்கினு கத்தியோட நிப்பாரு, அவருக்கு கெடா வெட்டுவாங்க, சுருட்டு வெப்பாங்க, சாராயம் வெப்பாங்க. ஊருக்குள்ள பெருமாள் கோயில்ல வெங்காயம் கூட உள்ள போவாது. சாராயம் குடிக்கற இவரு எப்படி சாமின்னு ஊர்ல ஒருத்தராவது கேட்டு பார்த்திருக்கீங்களா? அவரு வேலை எல்லையைக் காக்கறது, ராத்திரில எவனாவது வந்தா அடிக்கறது. ட்ரம்பை இவங்க வெச்சிருக்கறது அந்த எடத்துல. பாஸ்டரா வெக்கல.

சரி, காவலுக்கு ஆள் வெக்கற அளவுக்கு என்ன பயம், நாடே அவங்களுதுதானேன்னு கேப்பீங்க. நமக்கு அப்டித் தெரியுது. அவங்களுக்கு தங்களோட சொந்த வீட்லயே வாடகைக்கு இருக்கற மாதிரி ஆயிருச்சு. வெள்ளைக்கார எவாஞ்சலிகல் அதாவது நம்ம ஊர் சர்ச்சு பாஷையில சொன்னா இரட்சிக்கப்பட்டவங்க, இயேசுவை மனசார ஏத்துக்கினு புதுசா பொறந்தோம்னு சொல்றவங்க, 2006-ல இந்த நாட்டு ஜனத்துல நூத்துக்கு 23 பேரா இருந்தவங்க 2020 வாக்குல 14, 15-க்கு வந்துட்டாங்க. பசங்க காலேஜுக்குப் போனா சர்ச்சுக்குத் திரும்பி வர்றது இல்ல. 2015-ல ஆணும் ஆணும் கல்யாணம் பண்ணலாம்னு கோர்ட் சொல்லிருச்சு, அந்த மாதிரி கல்யாணத்துக்கு கேக்கு செய்ய மாட்டேன்னு சொன்ன கடைக்காரன் வருசக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சான். கொரோனாவுல மதுபானக் கடை திறந்திருந்துச்சு சர்ச்சைப் பூட்டச் சொன்னாங்கன்னு இன்னைக்கும் அந்தம்மா வீட்டுக்காரர் புலம்புவாரு. இதுல எது நியாயம் எது அதிகப்படின்னு நீங்களும் நானும் வாதம் பண்ணலாம், ஆனா பயம் பொய் இல்ல. பயந்தவன் நல்லவனைத் தேட மாட்டான் தம்பி, முரடனைத்தான் தேடுவான்.

இது ட்ரம்போட ஆரம்பிச்சதும் இல்ல. ஜிம்மி கார்ட்டர்னு ஒரு பிரசிடெண்ட் இருந்தாரு, ஜார்ஜியாவுல கடலை விவசாயி, நெஜமாவே இரட்சிக்கப்பட்டவர், பதவி போனப்புறம் வயசு தொண்ணூறு தாண்டியும் ஊர்ல சின்ன சர்ச்சுல சண்டே ஸ்கூல் எடுத்தவர், சர்ச்சு பேரு கூட மாரநாதா, நம்ம ஊர்ல தெருவுக்கு ஒண்ணு இருக்கற பேரு. 1980-ல இவங்க அவரை விட்டுட்டு ரீகனுக்குப் போனாங்க. ரீகன் சினிமா நடிகர், முதல் பொண்டாட்டியோட விவாகரத்து ஆனவர். அப்பவே முடிவு ஆயிருச்சு, நல்ல ஆளா நம்ம ஆளான்னா நம்ம ஆளுதான்னு. இன்னொண்ணு, கருக்கலைப்பு ஆதியில இருந்தே இவங்க பிரச்சினைன்னு நினைச்சிறாதீங்க, 1971-ல சதர்ன் பாப்டிஸ்ட் சபையே சில காரணத்துக்கு அனுமதிக்கலாம்னு தீர்மானம் போட்டிருக்கு, அப்ப அது கத்தோலிக்கர் விஷயமா இருந்துச்சு. இவங்க பெரியவங்களை அரசியலுக்கு இழுத்ததுல கறுப்புப் பசங்களை ஒதுக்கி வெச்ச கிறிஸ்தவ ஸ்கூல் காலேஜுங்களோட வரிச்சலுகையில அரசாங்கம் கை வெச்சதுக்கும் பங்கு இருக்குன்னு வரலாறு படிச்சவங்க சொல்றாங்க. அந்த சதர்ன் பாப்டிஸ்ட் சபை 1845-ல தனியா பிரிஞ்சதே அடிமை வெச்சிருக்கறவங்க மிஷனரி ஆகலாமான்ற சண்டையிலதான்.

இதை ஏன் சொல்றேன்னா, உங்க பக்கத்து வீட்டைப் பார்த்துட்டு பைபிள் படிக்கறவன் எல்லாம் ட்ரம்புக்குப் போடறான்னு நினைச்சிருவீங்க. என்னோட நைட் டூட்டி பார்க்கற கறுப்பின அக்கா ஒருத்தங்க, அவங்க சர்ச்சுல காலையில பதினோரு மணிக்கு உள்ள போனா ரெண்டு மணிக்குத்தான் வெளிய வருவாங்க, அதே பைபிள், அதே பாட்டு, ஆனா அந்த சபையில ட்ரம்புக்கு ஓட்டு போட்டவங்களைத் தேடணும். அவங்க கருக்கலைப்பை ஏத்துக்கறவங்களும் இல்ல. ரெண்டு சர்ச்சுக்கும் நடுவுல ஒரு ரோடுதான். அப்ப பக்தி மட்டும் காரணம்னு சொன்னா கணக்கு இடிக்குதில்ல? நிறம் இருக்கு, ஊரு இருக்கு, நம்ம காலம் போயிருச்சேன்ற ஏக்கம் இருக்கு. இதை அவங்ககிட்ட சொன்னா கோவம் வரும், சொல்லாதீங்க.

இங்க ஒண்ணு சொன்னா சிரிப்பீங்க. ட்ரம்ப் வாலிப வயசுல போன சர்ச்சு நியூயார்க்ல மார்பிள் காலேஜியேட்னு ஒண்ணு. அங்க நார்மன் வின்சென்ட் பீல்னு பாசிட்டிவ் திங்கிங் பாஸ்டர், தோத்துட்டேன்னு மனசுல கூட நினைக்காதன்னு பிரசங்கம் பண்ணவரு, ட்ரம்போட முதல் கல்யாணத்தை 1977-ல நடத்தி வெச்சதும் அவருதான். அந்த சர்ச்சு எந்த சபையைச் சேர்ந்ததுன்னு பார்த்தா, ரிஃபார்ம்டு சர்ச் இன் அமெரிக்கா. நம்ம ஊருக்கு ஆற்காடு மிஷனை 1853-ல கொண்டாந்த அதே சபை! ஸ்கடர் குடும்பம் வந்தது அதுல இருந்து, வேலூர் ஊரிசு காலேஜ் வந்தது அதுல இருந்து, சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா அம்மா பொறந்து வளர்ந்தது அந்த சபையில. ஒரே மரத்துல ஒரு கிளையில சிஎம்சி, இன்னொரு கிளையில இவரு. எங்கப்பா ஊரிசுல படிச்சவரு, போன்ல இதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்பால "கர்த்தருக்குத்தான் வெளிச்சம்"னு வெச்சுட்டாரு.

ஆனா இத்தோட நிறுத்தினா நான் அவங்களுக்கு வக்காலத்து வாங்கின மாதிரி ஆயிரும். ஏன்னா மூக்கைப் பொத்திக்கினு போட்டாங்கன்றது 2016 கதை. மூணு தேர்தல்லயும் வெள்ளைக்கார எவாஞ்சலிகலுங்க பத்துக்கு எட்டு பேர் பக்கம் அவருக்குத்தான் போட்டிருக்காங்க, ஆனா மூக்கு மேல இருந்த கை எறங்கிருச்சு. ஒரு சர்வே உண்டு, சொந்த வாழ்க்கையில ஒழுக்கம் தப்பினவன் பதவியில நேர்மையா இருக்க முடியுமான்னு கேட்டது. 2011-ல வெள்ளைக்கார எவாஞ்சலிகலுங்கள்ல முடியும்னு சொன்னவங்க நூத்துக்கு 30, 2016-ல 72. அஞ்சு வருசத்துல பைபிள் மாறலியே? 1998-ல பிரசிடெண்ட் கிளிண்டன் பொம்பளை விஷயத்துல மாட்டினப்ப ஒழுக்கம் இல்லாதவன் ஆளக்கூடாதுன்னு நாடு அதிர பிரசங்கம் பண்ணவங்கதானே இவங்க. அளவுகோலைக் கொண்டு போயி ஆளுக்குத் தகுந்த மாதிரி வெட்டிட்டாங்க, எனக்கு வலிக்கறது அந்த எடம்தான்.

எங்க தெரு அம்மாவையே எடுத்துக்கங்க. வெக்கமா இருக்குன்னு சொன்னவங்க 2020-ல கோரேஸ் ராஜா கதை சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாது, பைபிள்ல ஏசாயா 45-ஆம் அதிகாரத்துல பாரசீக ராஜா கோரேஸ், நம்ம ஆண்டவரை அறியாதவன், ஆனா அவனை வெச்சு யூதருக்கு விடுதலை குடுத்தாருன்னு வரும். ட்ரம்ப் 45-ஆவது பிரசிடெண்ட், அதிகாரமும் 45, பார்த்தியான்றாங்க. எனக்கு சிரிக்கறதா அழறதா தெரியல. 2024 ஜூலையில பென்சில்வேனியாவுல சுட்டு குண்டு காதை உரசிக்கினு போனதுக்கப்புறம் பேச்சே வேற, ஆண்டவர் கையை வெச்சு காப்பாத்தினாருன்றாங்க, அங்கேயே பின்னால உக்காந்திருந்த ஒரு குடும்பஸ்தன் செத்தாரே அவருக்கு ஏன் கை வெக்கலன்னு நான் வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டேன். ட்ரம்ப் பேரைப் போட்டு 60 டாலருக்கு பைபிள் வித்ததையும் இந்தம்மா வாங்கி ஹாலுல வெச்சிருக்காங்க. அதே ஆளு 2016-ல பைபிள்ல வர்ற இரண்டாம் கொரிந்தியரை "செகண்ட் கொரிந்தியன்ஸ்"னு சொல்லாம "டூ கொரிந்தியன்ஸ்"னு படிச்சவரு, எங்க சண்டே ஸ்கூல்ல அப்டி படிச்சா காதைத் திருகுவாங்க. எல்லையில நிக்க வெச்ச முனீஸ்வரனை இவங்களே கொண்டாந்து உள்ள கருவறையில உக்கார வெச்சுட்டாங்க தம்பி.

எல்லாரும் இல்ல. அவங்க சபையிலயே எதிர்த்துப் பேசினவங்க உண்டு, ரசல் மூர்னு சதர்ன் பாப்டிஸ்ட்ல பெரிய பொறுப்புல இருந்தவரு பேசினாரு, கடைசியில சபையை விட்டே போயிட்டாரு. நம்ம மட்டும் யோக்கியமா பேசவும் கூடாது, 2019-ல பணம் புடிபட்டு நம்ம வேலூர் எம்பி தேர்தலையே நிறுத்தி ஆகஸ்ட்ல தனியா நடத்தினாங்களே, அது எந்த ஊருன்னு இங்க இருக்கற மலையாளி நர்ஸுங்க என்னைக் கேட்டு மானத்தை வாங்கினாங்க.

நீங்க பயப்படறது எனக்குத் தெரியுது, எச்1பி வேலை விசாவுக்கு லட்சம் டாலர்னு 2025 செப்டம்பர்ல உத்தரவு போட்டதுல இருந்து எல்லாருக்கும் வயித்துல புளி கரைக்குது. அந்த விசாவை வெச்சு பக்கத்து வீட்டுக்காரரை அளக்காதீங்க. இவங்க தலையில இமிக்ரண்ட்னா டிவியில வர்ற கூட்டம், நீங்க கண்ணுக்கு எதிர்ல இருக்கற பையன், ரெண்டையும் சேர்த்து யோசிக்கவே மாட்டாங்க, அது நல்லதா கெட்டதான்னு எனக்கு இன்னும் புடிபடல. சர்ச்சுக்கு வாங்கன்னு கட்டாயம் கூப்பிடுவாங்க, எந்த சர்ச்சுக்குப் போறன்னு கேக்கறது இங்க நம்ம ஊர்ல எந்த ஊருன்னு கேக்கற மாதிரி. எங்க வீட்ல கெங்கையம்மனைக் கும்புடறோம்னு நேரா சொல்லுங்க, சிரசு திருவிழா போட்டோ இருந்தா காட்டுங்க, மறைச்சா தான் சந்தேகம் வரும். அரசியலை நீங்களா எடுக்காதீங்க. அவங்களா எடுத்தா, உங்களுக்கு அவருகிட்ட எது புடிச்சிருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வாயை மூடிக்கினு கேளுங்க, எனக்கு தெரிஞ்சதெல்லாம் அப்டி கேட்டுத்தான் தெரிஞ்சது.

அப்புறம் அந்த ஆப்பிள் பை வந்த தட்டு இன்னும் உங்ககிட்டதான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, மூணு மாசமாவா? வெறும் தட்டா குடுக்காதீங்க, கேசரி கிண்டி வெச்சு குடுங்க. மொளகா போட்டது எதுவும் வேணாம், நான் முதல் வருசம் மசால் வடை குடுத்து அந்தம்மா தண்ணி குழாயில வாயை வெச்சுக்கினு நின்னாங்க. நாக்ஸ்வில்ல நல்ல ரவை எங்க கிடைக்கும்னு தெரியலன்னா கேளுங்க, சொல்றேன்.