கண்மாய் வீடியோவை யாரும் பார்க்கவில்லையே, ஏன்?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால்வாயைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. அதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டோம். 60 பேர்கூடப் பார்க்கவில்லை. அதே வாரம் ஒரு டீக்கடைச் சண்டை ஊரெல்லாம் ஓடியது. எங்கள் பதிவை வேண்டுமென்றே அமுக்குகிறார்களா?

பதில்: அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். உங்கள் கணக்கை 'புரொஃபஷனல்' கணக்காக மாற்றிவிட்டு, செட்டிங்ஸில் 'அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்' பாருங்கள். உங்கள் பதிவுகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கத் தடை இருந்தால் அங்கே தெரியும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள், லைக் போட்டார்களா, யாருக்காவது அனுப்பினார்களா: ஒரு பதிவைப் பலருக்குக் காட்ட இவைதான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசெரியே 2025 ஜனவரியில் சொன்னார். கண்மாய் வறண்டால் எத்தனை ஏக்கர் தரிசாகும் என்பது இந்தக் கணக்கில் வராது. சண்டை என்றால் தெருவிலேயே கூட்டம் நிற்கும், போனில் நிற்காதா? இன்ஸ்டாகிராமை நடத்தும் அதே நிறுவனத்தின் ஃபேஸ்புக், பதிவுகளை வரிசைப்படுத்தும்போது, 2017இல் கோப முகம் உட்பட இமோஜிகளுக்கு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தது. கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்க 2020 செப்டம்பர் ஆகிவிட்டது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஊர்ப் பலகை, வணக்கம், நன்றி எல்லாவற்றையும் வெட்டுங்கள். (நான் பார்த்த கிராமத்து வீடியோக்களில் பாதி நேரம் இதிலேயே போய்விடுகிறது.) அடைபட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகத் திரையில் எழுத்தும் போடுங்கள்.

உங்களைப் பின்தொடராதவர்களிடம் போய்ச் சேர, லைக்கைவிட அனுப்புவது சற்றுக் கூடுதலாக உதவும். அப்படி அனுப்பக்கூடியவர் யார்? உங்கள் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தானே அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர்? அந்த ஊர் இளைஞர்களோடு 'கொலாப்' பதிவாகப் போடுங்கள். ஒரே பதிவு இரண்டு கணக்குகளின் பெயரிலும் வரும்; உங்களைப் பின்தொடர்பவர்களுக்கும் அவர்களைப் பின்தொடர்பவர்களுக்கும் அது போகும்.

பக்கத்து ஊர்க்காரரைத் திட்டிப் போட்டால் இன்னும் வேகமாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் பேச்சு கால்வாயை விட்டு ஊர்ப்பகைக்குப் போய்விடும். அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், ஆயிரம் பேர் பார்த்தாலும் அதற்கு ரசீது கிடையாது. ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த வீடியோவில் முதலில் தெரிய வேண்டியது அந்த மனு எண்.