40-க்கான ப்ரிஸம் என்று தனியாக ஒன்று கிடையாது

அன்புள்ள ஐயா,

டிஐசி (ஒளியைப் பிரித்துச் சேர்த்து, ஒளி ஊடுருவும் பொருளையும் புடைப்பாகக் காட்டும் மைக்ரோஸ்கோப் முறை) பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இந்த வம்பில் இறங்கினேன். கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கிறேன். துறையில் ஒலிம்பஸ் பிஎக்ஸ் மைக்ரோஸ்கோப் ஒன்று இருக்கிறது, 40 மடங்கு ஆப்ஜெக்டிவும் (பொருளை அடுத்திருக்கும் லென்ஸ்) சாதாரண கண்டென்சரும் (பொருளின் மேல் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் தொகுதி). உயிருள்ள உருளைப்புழுவின் செல்களைச் சாயம் ஏற்றாமல் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஆப்ஜெக்டிவ் பக்கத்துக்கான ஒலிம்பஸ் ஸ்லைடர் (ப்ரிஸம் பதித்த செருகு தட்டு) பழைய கருவி விற்பவரிடம் கிடைத்தது. கண்டென்சர் பக்கத்துக்கு வேறு கம்பெனியின் ப்ரிஸம்தான் இருந்தது. "இதுவும் 40-க்குத்தான் சார்" என்றார். லேத்தில் வளையம் கடைந்து கண்டென்சருக்கு அடியில் பொருத்தினேன். பார்வைப் புலத்தில் இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். ஸ்லைடர் திருகைத் திருப்பினால் இருட்டு நகர்கிறதே தவிரப் போகவில்லை. புழு தட்டையாகத்தான் தெரிகிறது. ப்ரிஸம் கெட்டுப்போனதா? உலோகவியல் துறையில் நோமார்ஸ்கி ஸ்லைடர் (அதுவும் டிஐசி ப்ரிஸம்தான்) ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ப்ரிஸம் கெட்டிருக்காது. குவார்ட்ஸ் துண்டு அவ்வளவு சுலபமாகக் கெடாது, ஒட்டு விட்டிருந்தால் கையில் எடுத்ததுமே தெரிந்திருக்கும். உங்கள் சிக்கல் "இதுவும் 40-க்குத்தான்" என்ற அந்த வாக்கியத்தில் இருக்கிறது. விற்பவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் சொன்னது பாதிதான். எந்தக் கண்டென்சரில் வைத்தால், எந்த ஆப்ஜெக்டிவ் ப்ரிஸத்தோடு சேர்ந்தால் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த 40-க்கு அர்த்தம். ஒற்றைக் கால் செருப்பை அளவு எண்ணை மட்டும் பார்த்து வாங்கின மாதிரி ஆகிவிட்டது.

உள்ளே நடப்பது இதுதான். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசரைத் தாண்டி வரும் ஒவ்வொரு கதிரையும் கீழே இருக்கும் ப்ரிஸம் இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அதிர்பவை, இடையில் மிகச் சிறிய கோணம். கண்டென்சர் அந்தக் கோணத்தைப் பக்கவாட்டு இடைவெளியாக மாற்றிவிடுகிறது. ஆக, புழுவின் ஊடே இரண்டு கதிர்கள் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. இடைவெளி ஏறத்தாழ கால் மைக்ரான், ஆப்ஜெக்டிவால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாத அளவு என்பதால் படம் இரண்டாகத் தெரியாது. ஒரு கதிர் உட்கருவின் விளிம்புக்கு உள்ளேயும் இன்னொன்று வெளியேயும் போனால் ஒன்று கொஞ்சம் பின்தங்கும். மேலே இருக்கும் ப்ரிஸம் இரண்டையும் மறுபடி சேர்க்கிறது, அதற்கு மேல் இருக்கும் இரண்டாவது போலரைசரான அனலைசர் அந்தப் பின்தங்கலை வெளிச்ச வேறுபாடாகக் காட்டுகிறது. நமக்குப் புடைப்புச் சிற்பம் போல ஒரு படம் கிடைக்கிறது. (அது நிஜ மேடு பள்ளம் இல்லை, ஒளி கடந்த பாதையின் ஏற்ற இறக்கம். மாணவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.)

இதெல்லாம் நடக்க ஒரே ஒரு நிபந்தனை: கீழ் ப்ரிஸம் செய்ததை மேல் ப்ரிஸம் அப்படியே, மிச்சம் வைக்காமல் அவிழ்க்க வேண்டும். இடைவெளி என்பது ப்ரிஸத்தின் பிரிகோணத்தைக் குவியத்தொலைவால் பெருக்கினால் வருவது. கீழே கண்டென்சரின் குவியத்தொலைவு, மேலே ஆப்ஜெக்டிவின் குவியத்தொலைவு. இரண்டு பெருக்கலும் ஒரே விடை தர வேண்டும். ஆகவே இதில் நாலு உறுப்புகள் இருக்கின்றன, இரண்டு ப்ரிஸமும் இரண்டு லென்ஸ் தொகுதியும். ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்றியாக வேண்டும்.

இப்போது அந்த 40-ஐப் பாருங்கள். மடங்கு என்பது, குழாய்க்குள் படத்தை உருவாக்கும் டியூப் லென்ஸின் குவியத்தொலைவை ஆப்ஜெக்டிவின் குவியத்தொலைவால் வகுத்தால் வருவது. ஒலிம்பஸில் டியூப் லென்ஸ் 180 மில்லிமீட்டர், ஆகவே 40 மடங்கு ஆப்ஜெக்டிவின் குவியத்தொலைவு 4.5. நிகானிலும் லைக்காவிலும் 200, ஆகவே 5. ஸைஸில் சுமார் 165, ஆகவே 4.1 சொச்சம். மூன்றிலும் 40 என்றுதான் பொறித்திருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைத் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. இடைவெளி கூடினால் கான்ட்ராஸ்ட் கூடும், நுணுக்கம் குறையும். கணக்கைப் பிரித்துக்கொள்கிற விதமும் வேறு. உங்கள் ஒலிம்பஸில் மேலே எல்லா ஆப்ஜெக்டிவுக்கும் ஒரே ஸ்லைடர், கீழே கண்டென்சரில் ஒவ்வொரு மடங்குக்கும் தனி ப்ரிஸம். ஸைஸில் கிட்டத்தட்ட தலைகீழ்: மேலே ஆப்ஜெக்டிவுக்கு ஒரு ஸ்லைடர், கீழே ரோமன் எண் போட்ட மூன்றே ப்ரிஸம்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, கம்பெனி மாறினாலே படம் வராது என்றும் முடிவு கட்ட வேண்டாம். கால் மைக்ரான் இடைவெளி, எண் துளை (ஒளியை வாங்கும் கோணத்தின் அளவு) 0.75 உள்ள ஆப்ஜெக்டிவ் என்று வைத்துக்கொண்டால், மேல் ப்ரிஸம் தனியாக ஆப்ஜெக்டிவின் பின்துளை (பின்பக்கத்தில் ஒளி வெளியேறும் வட்டம்) முழுக்க உண்டாக்கும் வித்தியாசம் பச்சை ஒளியின் அலைநீளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். கீழ் ப்ரிஸம் 10 சதவீதம் பிசகினால் மிஞ்சுவது அலைநீளத்தில் 0.07 பங்கு. கறுப்பு முழுக் கறுப்பாக இராது, கான்ட்ராஸ்ட் கொஞ்சம் மங்கும், படம் வந்துவிடும். கலப்படம் செய்து ஒப்பேற்றியவர்கள் பலரும் இந்த 10 சதவீதத்துக்குள் விழுந்த அதிர்ஷ்டசாலிகள். பெரிய பிசகு பெரும்பாலும் கண்டென்சரிலிருந்துதான் வரும், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மேல் லென்ஸை விலக்கும் வகைக் கண்டென்சரில் லென்ஸை விலக்கியதுமே குவியத்தொலைவு மாறிவிடும். இன்வெர்ட்டட் (பொருளைக் கீழிருந்து பார்க்கும்) மைக்ரோஸ்கோப்பின் நீண்ட தூரக் கண்டென்சருக்குச் செய்த ப்ரிஸத்தைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் போட்டால், 10 அல்ல, மடங்குக் கணக்கில் தப்பும்.

சரி, உங்களுடையது எந்த ரகம்? அதை ஊகிக்கத் தேவையில்லை, பார்த்துவிடலாம். கோலர் முறையில் (புலம் முழுக்கச் சீரான வெளிச்சம் வரும்படி) ஒளியைச் சரிசெய்து, கண்டென்சரின் அபெர்ச்சர் டயஃப்ரத்தை (ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள்) முழுக்கத் திறந்து, போலரைசரையும் அனலைசரையும் குறுக்காக வைத்து, ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். ஃபேஸ் கான்ட்ராஸ்ட்டுக்குத் தரும் சிறு டெலஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு ப்ரிஸமும் இல்லாதபோது பின்துளை இருட்டாக இருக்க வேண்டும், ஓரத்தில் நாலு மூலையும் லேசாக வெளுத்திருந்தால் பரவாயில்லை. மேல் ப்ரிஸத்தை மட்டும் போட்டால் மூலைவாட்டில் ஒரு கரும்பட்டை தெரியும். அதை எடுத்துவிட்டுக் கீழ் ப்ரிஸத்தை மட்டும் போட்டால் அதே சாய்வில், அதே அகலத்தில் ஒரு பட்டை தெரிய வேண்டும். இந்த இரண்டு பட்டைகளின் அகலத்தை ஒப்பிட்டாலே ஜோடி சேருமா என்பது தெரிந்துவிடும். செல்போனில் இரண்டையும் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். பட்டை மறைந்து துளை ஒரே சீராக இருண்டால் ஜோடி சரி. பட்டை முன்னைவிடக் குறுகினால் இரண்டும் ஒன்றையொன்று அவிழ்க்காமல் கூட்டிக்கொள்கின்றன, கீழ் ப்ரிஸத்தை 180 டிகிரி திருப்பி வையுங்கள். சாய்வே வேறாக இருந்தால் உங்கள் வளையத்தில் ப்ரிஸம் கோணல்.

இதுவரை சொன்னது பின்துளையில் தெரியும் கோளாறு. நீங்கள் எழுதியது புலத்திலேயே ஒரு பக்கம் இருட்டு என்று. அது இன்னொரு கோளாறு, உங்கள் வளையத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். கோணம் பொருந்தினால் மட்டும் போதாது, உயரமும் பொருந்த வேண்டும். கீழ் ப்ரிஸத்தின் பட்டை உருவாகும் தளம் கண்டென்சரின் முன்குவியத் தளத்தில், அதாவது அபெர்ச்சர் டயஃப்ரம் இருக்கும் இடத்தை ஒட்டி விழ வேண்டும். மேலே கீழே விலகினால் புலத்தின் ஒவ்வொரு புள்ளியும் ப்ரிஸத்தின் வெவ்வேறு இடத்தைப் பார்க்கும், வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாயும். ஜார்ஜ் நோமார்ஸ்கியின் கைவரிசையே இந்த இடத்தில்தான். போலந்தில் பிறந்து பாரிஸில் வேலை செய்தவர், 1950-களில் இதை வடிவமைத்தார். பழைய வோலாஸ்டன் ப்ரிஸத்தில் பட்டைத் தளம் ப்ரிஸத்துக்கு உள்ளேயே இருக்கும்; ஆப்ஜெக்டிவின் பின்குவியத் தளமோ பெரும்பாலும் உலோக உடம்புக்குள் லென்ஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும், அங்கே கொண்டுபோய் ப்ரிஸத்தை வைப்பதெப்படி? அவர் ஒரு பாதியின் படிக அச்சைச் சாய்த்து வெட்டி, தளத்தைப் ப்ரிஸத்துக்கு வெளியே சில மில்லிமீட்டர் தள்ளிவிட்டார். அதனால்தான் ஆப்ஜெக்டிவுக்கு மேலே ஸ்லைடராகச் செருக முடிகிறது. கண்டென்சர் ப்ரிஸம் இரண்டு வகையிலும் வரும், எது என்று வெளியில் பார்த்துத் தெரியாது. கண்டென்சருக்கு அடியில் என்று எழுதியிருக்கிறீர்கள், டயஃப்ரத்திலிருந்து எவ்வளவு கீழே? ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்றால் வேறு காரணம் தேடவே வேண்டாம். வளையத்தை மெலிதாக்கி ப்ரிஸத்தை மேலே ஏற்றிப் பாருங்கள்.

உலோகவியல் துறை ஸ்லைடரைத் தொடாதீர்கள். அது எதிரொளி மைக்ரோஸ்கோப்புக்கானது. அங்கே ஆப்ஜெக்டிவே கண்டென்சர். ஒளி அதே ப்ரிஸம் வழியாகக் கீழே போய், உலோகத்தில் பட்டு, அதே ப்ரிஸம் வழியாகத் திரும்புகிறது. தனக்குத் தானே ஜோடி, பொருத்தம் பார்க்கிற வேலையே இல்லை. பழைய சாமான் சந்தையில் நோமார்ஸ்கி என்று மலிவாக வருபவற்றில் பல இந்த வகைதான், வாங்கிவிட்டு முழிப்பவர்களும் பலர்.

என்னைக் கேட்டால் அந்த ப்ரிஸத்தை விற்றுவிட்டு, ஒலிம்பஸின் டிஐசி கண்டென்சரை அதன் 40 ப்ரிஸத்தோடு சேர்த்து ஒரே பொட்டலமாகத் தேடுங்கள் என்பேன். மேல் ஸ்லைடர் ஏற்கெனவே சரியானது உங்களிடம் இருக்கிறது, அது பெரிய விஷயம். தனி ப்ரிஸமாக, "இதற்கும் பொருந்தும்" என்று யார் சொன்னாலும் வாங்க வேண்டாம், பின்துளைப் படத்தைக் கேளுங்கள். பிளாஸ்டிக் தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், பிளாஸ்டிக்கே ஒளியை இரண்டாகப் பிரித்துக் கூத்தடிக்கும். கண்ணாடி ஸ்லைடு, அதன்மேல் மெல்லிய அகார் படலம், புழு, 0.17 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப், அவ்வளவுதான்.

உங்கள் ஆசை நல்ல ஆசை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் உயிரியலாளர் ஜான் சல்ஸ்டன் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவின் கருவை இந்த ஒளியமைப்பில்தான், சாயமே இல்லாமல், ஒன்றரை ஆண்டு கண்ணால் பார்த்துக் கையால் வரைந்து, ஒவ்வொரு செல்லும் எதிலிருந்து பிரிந்தது என்று 1983-இல் சகாக்களோடு சேர்ந்து முழு வம்சாவளியை வெளியிட்டார். வளர்ந்த இருபால் புழுவில் 959 உடல் உட்கருக்கள், வழியில் தானாகச் செத்துப்போகும் செல்கள் 131. 2002-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர்.

அடுத்த வாரமே வகுப்பு என்றால், கண்டென்சர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ப்ரிஸம், போலரைசர், அனலைசர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, டயஃப்ரத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு அட்டையை நுழைத்துத் துளையில் பாதிக்கு மேல் மறையுங்கள். சாய்வெளிச்சம் விழும், புழு புடைத்துத் தெரியும், உட்கருக்களும் ஓரளவு பிடிபடும். டிஐசி அளவு சுத்தமாக இராது, ஆனால் செலவு ஒரு அட்டை. பின்துளைப் படங்கள் மூன்றையும், டயஃப்ரத்துக்கும் ப்ரிஸத்துக்கும் உள்ள தூரத்தையும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.