எங்கட ஒழுங்கை வாய்க்காலைக் கடக்கிற 9 அடி அகல மதகின்ர சிலாப்பு (மேல மூடியிருக்கிற கொங்கிரீற் பலகை) ஒரு பக்கம் தாழ்ந்திட்டுது. போக்குவரத்து நிற்காமல், மதகைப் பாதி பாதியாக உடைச்சுத் திருப்பிக் கட்டலாமா?

வேண்டாம். 9 அடியில் பாதி நாலரை அடி. ஓட்டோவின் அகலமே ஏறத்தாழ நாலேகால் அடி. உடைச்ச விளிம்பில சில்லு ஏறினால் மிச்சப் பாதியும் வாய்க்காலுக்குள்ள போகும்.

ஒழுங்கையில மூன்று வீட்டுக்கும் வேற வழியில்லை எண்டபடியால், பக்கத்தில தற்காலிகக் கடவை ஒன்று போடுங்கோ. 2 அடி விட்டமுள்ள கொங்கிரீற் குழாய் இரண்டை வாய்க்கால் ஓடுற திசையில வைச்சு, இரு முனையிலும் மண்மூட்டை அடுக்கி, மேல ஒரு அடிக்குக் குறையாமல் கிறவல் இறுக்கினால் ஓட்டோ போகும். லொறியை விடாதேங்கோ.

புதுச் சிலாப்பை அங்கேயே வார்க்காமல், முன்கூட்டியே வளவுக்குள்ள துண்டுகளாக வார்க்கலாம். 6 அடி நீளம், 1 அடி அகலம், 6 அங்குலத் தடிப்பெண்டால் ஒரு துண்டு 200 கிலோ வரும். 28 நாள் விட்டுத் தூக்குங்கோ. ஈரமாக இருக்கேக்கையே ஆணியால "மேல்" எண்டு கீறி விடுங்கோ. கம்பி அடிப்பக்கம் இருக்கவேணும். கவிழ்த்து வைச்சால் முறியும். பலருக்குப் பிழைக்கிற இடம் இதுதான்.

ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தது எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப பிழை சிலாப்பில இல்லாமல், சுண்ணக்கல் சுவரின் அடி அரிபட்டதாலயும் இருக்கலாம். தண்ணி வத்தினபிறகு அலவாங்கால சுவரடியில குத்திப் பாருங்கோ. ஒரு சாணுக்கு மேல இறங்கினால் முதல்ல சுவரைக் கட்டவேணும்.

பிரதேச சபையில கேட்காமல் கை வைக்காதேங்கோ. ஐப்பசிக்கு முன் முடியாதெண்டால் தை கழிய தொடங்குங்கோ. மாரி வெள்ளத்துக்கு அந்தக் குழாய் இரண்டும் காணாது.