சான் டியேகோவில் தனியாளுக்கு மருத்துவக் காப்பீடு: பிரான்ஸா (Bronze), சில்வரா (Silver)?

வேலையை விட்டுவிட்டேன், இந்த ஆண்டு 30,000 டாலர் வருமானம் வரும், மாதக் கட்டணம் குறைவாக இருப்பதால் பிரான்ஸ், அதாவது வெண்கல நிலைத் திட்டம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே.

2026ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சலுகைகளுக்கு அளவுகோலான வறுமைக்கோடு தனியாளுக்கு 15,650 டாலர். உங்கள் வருமானம் அதன் இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. அரசு தரும் மாதக் கட்டண மானியத்தைப் பிரான்ஸ் திட்டத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் வருமானத்தில் இருப்பவர்களுக்குச் சில்வர் (வெள்ளி நிலை) திட்டத்தில் மட்டும் இன்னொரு சலுகை உண்டு: மருத்துவச் செலவில் சராசரியாக 87 விழுக்காட்டைத் திட்டமே ஏற்கும். பிரான்ஸில் அது சுமார் 60தான்.

என் அக்கா பிரான்ஸ்தான் எடுத்திருந்தார். மணிக்கட்டு முறிந்தபோது எக்ஸ்ரே முதல் மாவுக்கட்டு வரை கைப்பணம். அந்தப் பில்லைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து மாதாமாதம் கட்டினார். உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

கலிபோர்னியா மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான கவர்டு கலிபோர்னியாவின் விண்ணப்பத்தில் வருமானத்தை உள்ளபடி எழுதுங்கள். நடுவில் நல்ல வேலை கிடைத்தால் 30 நாளுக்குள் தெரிவித்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 62,600 டாலரைத் தாண்டினால் வாங்கிய மானியம் முழுவதையும் வரி தாக்கலின்போது திருப்பிக் கட்ட வேண்டும்.

பழைய காப்பீடு முடிந்து எத்தனை நாளாகிறது? 60 நாள்தான் அவகாசம், இன்றே விண்ணப்பியுங்கள்.